மூன்றும் சேர்ந்த படிப்பு

ஜூன் 18

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சௌக்கியம். விடுதித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? தலைவலி வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காதே.

உன்னைக் கல்லூரியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது, வண்டியிலேயே உன் பாடத்திட்டப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டேன். சமயம், உடல்நலம், தலைமைத்துவம். மூன்றும் சேர்ந்து ஒரே பட்டம். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே லேப் டெக்னீஷியன் படிப்புக்கு இடம் கிடைத்தும், ஒற்றைக்காலில் நின்று இதைத்தான் எடுத்தாய். பதினாறு வருடமாக ரத்தம் பார்க்கிறேன். ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கடவுளிடமும் நான் போய்க் கேட்டதில்லை.

வைத்தியம் சொல்கிறவரும் கடவுளோடு பேசுகிறவரும் கூட்டத்தை நடத்துகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஆட்களைத் தயார் செய்யத் தனியாக ஒரு பட்டமா?

விடுதியில் கைப்பேசி கூடாதாம். இருக்கிற ஒரே போன் வார்டன் மேசையில். நீ பேசும்போது அந்த அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இங்கே எனக்கே தெரிகிறது. அதனால் கடிதமே எழுது. ஒன்று விடாமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்

நான் தைத்துக் கொடுத்த பையின் வார் தாங்குகிறதா? கனமான புத்தகம் வைத்தால் இன்னொரு தையல் போட வேண்டியிருக்கும். – அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நலமாக இருக்கிறேன். தலைவலி இல்லை. பையின் வார் இரும்பு மாதிரி இருக்கிறது அண்ணி.

அண்ணா, இங்கே யாரும் யாரையும் சாமியாராக்கவில்லை. எங்கள் பேராசிரியை முன்பு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்தவர். முதல் வாரமே எங்களை ஒரு வார்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார். "ஒண்ணும் பண்ணாதீங்க. கேளுங்க, அது போதும்" என்றார்.

அங்கே ஒரு பெரியவர். கொடுக்கிற மாத்திரையை எல்லாம் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தார். நர்ஸுகள் திட்டித் தீர்த்தார்கள். மூன்று நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "அதைப் போட்டா தூங்கிடுறேம்மா. சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் எம் பொண்டாட்டியும் சேர்ந்து கும்பிடுவோம். அவ போயிட்டா. அந்த நேரத்தை மட்டும் விட மாட்டேன்." அவ்வளவுதான் விஷயம். டாக்டர் மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றினார். பெரியவர் இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

அவர் கும்பிடுவது சமயப் பாடம், மாத்திரை உடல்நலப் பாடம். டாக்டரிடம் போய் அதைச் சொல்ல எனக்குக் கால் நடுங்கியதே, அதுதான் மூன்றாவது பாடம் என்று பேராசிரியை சிரித்தார்.

அன்பு மறவாத,
வாயாடி


ஆகஸ்ட் 12

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

உன் கடிதம் வந்த கவரைப் பார்த்தேன். ஒட்டின இடம் சுருங்கி, மறுபடி பசை தடவி ஒட்டியது போல இருந்தது. என் தொழிலே உன்னிப்பாகப் பார்ப்பதுதான், என்னை ஏமாற்ற முடியாது. உன் கடிதத்தை யாரோ பிரித்துப் படித்துவிட்டு அனுப்புகிறார்கள். இது என்ன கல்லூரி?

கீழே கேட்டிருப்பதற்கு ஒளிக்காமல் பதில் எழுது. யாராவது உன் தலையில் கை வைத்து முணுமுணுக்கிறார்களா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கேயாவது கூட்டிப் போகிறார்களா? குடிக்கச் சொல்லிப் பாட்டிலில் தண்ணீர் தருகிறார்களா? "பயத்தை விடு" என்று அடிக்கடி சொல்கிறார்களா? வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லாதே என்கிறார்களா?

தலையணை உறை கதை நன்றாகத்தான் இருக்கிறது. நல்ல கதை சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அண்ணிக்குத் தையல் கடையில் தலைக்கு மேல் வேலை. அவள் விசாரித்ததாக நீயே எடுத்துக்கொள்.

அண்ணன்


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் நலமா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

உங்கள் கேள்விகளுக்குப் பதில்: இல்லை, இல்லை, இல்லை, இல்லை, இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் துணி துவைப்போம். இங்கே குழாய்த் தண்ணீர்தான், பாட்டில் கிடையாது.

ஆனால் அண்ணா, பொதுவாகச் சந்தேகப்படுகிறவர் "ஏதாவது நடக்கிறதா" என்றுதான் கேட்பார். நீங்கள் கிழமை சொல்லிக் கேட்கிறீர்கள். பாட்டில் என்கிறீர்கள். கண்ணால் பார்த்த ஒன்றைத்தான் ஒருவர் இவ்வளவு துல்லியமாகக் கேட்க முடியும். எங்கே பார்த்தீர்கள்?

அண்ணி கடிதத்தின் அடியில் ஒரு வரிகூட எழுத முடியாத அளவுக்கு அந்தக் கடையில் என்ன வேலை? நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்களா?

கவர் விஷயம். இந்தக் கவரை ஒட்டி, ஒட்டின இடத்தின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நானே நடந்து போய்த் தபால் நிலையத்தில் கொடுக்கிறேன். வார்டன் கையில் படாது. கோடு எப்படி வந்து சேர்ந்தது என்று எழுதுங்கள்.

வாயாடி


அக்டோபர் 11

அன்புள்ள தங்கைக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

கோடு உடைந்துதான் வந்தது. மேல் பாதி ஒரு பக்கம், கீழ்ப் பாதி ஒரு பக்கம். தபால் நிலையத்திலும் அவர்கள் ஆள் இருக்கிறதோ என்னவோ.

அண்ணிக்கு இஸ்திரிப் பெட்டி பட்டுக் கையில் சிறு காயம். ஆறிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் மனைவி, மேல்மாடியில் பிரார்த்தனைக் கூடம் நடத்தும் ஒரு பெண்மணியிடம் போகிறாளாம். அந்தப் பெண்மணி தண்ணீர் மந்திரித்துக் கொடுக்கிறாளாம். அப்படிப் போகிறவர்களை எப்படித் தடுப்பது என்று உன் படிப்பில் ஏதாவது சொல்லித் தருகிறார்களா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

லீவுக்கு வராதே. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகிறோம்.

அண்ணன்


அக்டோபர் 20
(தையல் கடை முகவரிக்கு)

அன்புள்ள அண்ணி,

கைக்காயம் எப்படி இருக்கிறது? இந்தக் கவரை ஆவியில் காட்டித் திறக்க வேண்டாம். இது உங்களுக்கேதான்.

கோபமில்லை அண்ணி. கவரை என் கையால் தபால் நிலையத்தில் கொடுத்தேன். அண்ணன் வேலைக்குப் போன பிறகு, பதினொரு மணிக்கு, தபால் வீட்டுக்கு வரும். பத்து மணிக்கு நீங்கள் கடைக்குக் கிளம்ப வேண்டும், ஆனால் அடிக்கடி தாமதமாகப் போகிறீர்கள் போலிருக்கிறது. வார்டனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே, பாவம்.

நான் ஒன்றையும் விசாரிக்கப் போவதில்லை. வலிப்பு மாத்திரையைச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கப் போவதில்லை. அதைக் கேட்க வீட்டிலேயே ஆள் இருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதுங்கள். அண்ணனிடம் காட்டமாட்டேன்.

உங்கள்
வாயாடி


நவம்பர் 6

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி எழுதுவது. படிப்பெல்லாம் எப்படிப் போகிறது? கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தைக் கையில் வாங்கியதும் வெட்கத்தில் உள்ளே போய் நின்றுகொண்டேன். பிரித்தது நான்தான். உன் அண்ணன் என்னைப் பற்றி உனக்கு என்ன எழுதுகிறார் என்று உன் பதிலில் பார்த்துவிடலாம் என்றுதான் முதலில் பிரித்தேன். பிறகு அந்தப் பெரியவர் தலையணை உறையில் மாத்திரை ஒளித்ததைப் படித்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதன் பிறகு உன் கடிதத்துக்காகவே காத்திருந்தேன்.

ஏன் என்றால் நானும் ஒளிக்கிறேன். கடையில் பட்டன் டப்பா இருக்கிறதே, அதில். தினமும் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைக் கிழித்து எடுத்து அதில் போட்டுவிடுவேன். உன் அண்ணன் ராத்திரி அட்டையை எடுத்துப் பார்ப்பார். கணக்கு சரியாக இருக்கும்.

ஜூலையில் டாக்டரிடம் குழந்தை ஆசையைச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே, "இந்த மாத்திரையோடவா? நல்லா யோசிச்சுக்கோங்க" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். உன் அண்ணன் வெளியே நின்றிருந்தார். "என்ன சொன்னார்?" என்றார். "அதே மாத்திரைதான்" என்றேன். அத்தோடு சரி.

கடைக்கு எதிரே மாடியில் ஒரு கூடம். அதை நடத்துகிறவரை எல்லோரும் மாடி அம்மா என்பார்கள். அவர்தான் என்னைப் பார்த்து, "என்னம்மா உம் மனசுல?" என்று கேட்டார். அழுதேன். "நம்பிக்கை இருந்தா பயம் எதுக்கு?" என்றார். அன்றிலிருந்து மாத்திரையை விட்டுவிட்டேன்.

வாயாடி, எனக்கு மூன்று மாதம். உன் அண்ணனுக்குத் தெரியாது. செப்டம்பரில் வலிப்பு வந்தது. இஸ்திரிப் பெட்டி கையில் விழுந்தது அப்போதுதான். மாத்திரை சாப்பிட்டும் எப்படி வந்தது என்று அவர் குழம்பிப்போய், மாடி அம்மா கொடுத்த தண்ணீரைத் தூக்கிக்கொண்டு லேபுக்குப் போய்விட்டார். எதையோ கலக்கிவிட்டாள் என்று சந்தேகம். வெறும் தண்ணீர்தான் என்று முடிவு வந்ததாம். அதில் இன்னும் கோபம்.

போன் செய்யாதே, முதலாளிதான் எடுப்பார். உன் அண்ணனிடமும் சொல்லாதே.

அண்ணி


நவம்பர் 9
(விரைவுத் தபால்)

அன்புள்ள அண்ணி,

பெயர் சொல்லாமல் பேராசிரியையிடம் கேட்டேன். அவர் உடனே நரம்பு டாக்டர் ஒருவரிடம் என்னை அழைத்துப் போனார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மருந்தைத் திடீர்னு நிறுத்துறதுதான் ரொம்ப ஆபத்து. வலிப்பு வந்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இந்த மாத்திரை வேண்டாம்னா வேற மாத்திரை இருக்கு. தானா ஆரம்பிக்கவும் கூடாது. உடனே ஒரு டாக்டரைப் பார்க்கச் சொல்லு."

வேறு மாத்திரை இருக்கிறது அண்ணி. அந்த ஒரு வாக்கியத்தை ஜூலையிலேயே உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கடைக்கு நேராக வந்துவிடுகிறேன். அதுவரை தனியாக இருக்காதீர்கள், அடுப்பு, இஸ்திரிப் பெட்டி பக்கம் போகாதீர்கள். அண்ணனிடம் நான் சொல்லமாட்டேன். நீங்கள் சொல்ல வேண்டும்.

வாயாடி


நவம்பர் 21

தங்கைக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

போன வெள்ளிக்கிழமை நீ இந்த ஊரில் இருந்தாய். என்னோடு வேலை செய்கிறவர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வரவில்லை. என் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உன் அண்ணியோடு அந்த மாடிப்படி ஏறினாய். இரண்டு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே இறங்கினாய். அவளைக் கேட்டால் வாயில் பூட்டு.

ஆக, நான் ஜூனிலேயே எழுதியது சரியாகிவிட்டது. என் மனைவியை ஒருத்தி பிடித்துக்கொண்டாள், என் தங்கையை ஒரு கல்லூரி பிடித்துக்கொண்டது, இரண்டும் ஒரே கம்பெனி. உன்னை அனுப்பி வைத்தது யார்? அந்தப் பேராசிரியையா?

அம்மா அப்பா போன பிறகு உனக்குத் தலை வாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன். படிப்பை விட்டுவிட்டு வா. இல்லையென்றால் இனிமேல் எனக்கு எழுதாதே.

உன் அண்ணன்


நவம்பர் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படியுங்கள்.

வந்தேன். ஒளித்தேன். அது தப்பு. ஆனால் முதலில் போனது மாடிக்கல்ல, ஒரு பெண் டாக்டரிடம். அண்ணி ஜூலையிலிருந்தே மாத்திரை சாப்பிடவில்லை. அட்டையில் நீங்கள் பார்த்த காலி இடங்களெல்லாம் பட்டன் டப்பாவில் இருக்கின்றன. டாக்டர் வேறு மருந்து எழுதிக் கொடுத்தார். ஆனால் மாடி அம்மா ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தொடமாட்டேன் என்று அண்ணி பிடிவாதம். அதனால்தான் ஏறினேன்.

உங்கள் சந்தேகத்தை எல்லாம் மடியில் கட்டிக்கொண்டுதான் போனேன். கூட்டம் தொடங்க அரை மணி இருந்தது. ஜமுக்காளம் விரித்த கூடம், மடக்கு நாற்காலி அடுக்கு. குள்ளமான அம்மாள், மூச்சு வாங்குகிறது. என்னைப் பார்த்ததும் யார் வீட்டுப் பெண் என்று புரிந்துவிட்டது.

"நான் யாரையும் மாத்திரையை விடச் சொல்லலம்மா" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

"விடாதேன்னு சொன்னீங்களா?"

எழுந்து ஜன்னல் திரையை இழுத்துச் சரி செய்தார். அப்போதுதான் பார்த்தேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு மாத்திரை அட்டை. ரத்த அழுத்தத்துக்கு, வார்டில் தினமும் பார்க்கிறேனே.

"அது யாரோடது?"

"என்னோடதுதான்."

"ஜமுக்காளத்துல உக்கார்றவங்க அதைப் பார்த்திருக்காங்களா?"

முகம் கறுத்துவிட்டது. "பார்த்தா எங்கிட்ட வருவாங்களா? உனக்கு என்ன தெரியும்? அவங்க வேற எங்க போவாங்க? உங்க ஆஸ்பத்திரியில அவங்க மூஞ்சியை நிமிர்ந்து பார்க்குறவங்க யாரு?"

அது உண்மைதான் அண்ணா. ஆனாலும் சொன்னேன். "நீங்க கேக்குற மாதிரி வேற யாரும் கேக்கலதான். அதனாலதான் உங்க வார்த்தைக்கு உயிரையே எடுக்குற பலம் இருக்கு. இவங்களுக்கு வலிப்பு வந்துச்சு. கையைப் பாருங்க."

அண்ணி கையை நீட்டினார். மாடி அம்மா அந்தத் தழும்பை ரொம்ப நேரம் பார்த்தார்.

கூட்டம் தொடங்கியதும் திரைக்குப் பின்னாலிருந்த அட்டையை எடுத்தார். எல்லோர் முன்னாலும் ஒன்றைப் பிய்த்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். "இதை நான் பத்து வருஷமா சாப்பிடுறேன். சாப்பிட்டுட்டுத்தான் கும்பிடுறேன்" என்றார். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் முடிந்ததும் நான்கு பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "என்னோடதையும் நான் விட்டுட்டேனே, இப்ப என்ன பண்றது?" என்று ஒருத்தி அழுதாள். நான்கு பேரையும் டாக்டரிடம் அனுப்பினேன்.

மாடி அம்மா நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு இறங்கியது உண்மை. அண்ணி புது மாத்திரையைப் படியிலேயே நின்று விழுங்கினார், அதனால்.

மீதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது நானல்ல. இன்று சாயங்காலம் அண்ணி பக்கத்தில் உட்காருங்கள். அட்டையை எடுக்காதீர்கள். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள்.

படிப்பை விடமாட்டேன்.

உங்கள் வாயாடி


ஜனவரி 4

அன்புள்ள வாயாடிக்கு,

நாங்கள் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகவே இருந்தேன்.

கேட்டேன். அவள் சொன்னாள். கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். முதலில் கோபம்தான் வந்தது. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன். அவள் கொஞ்சமும் சத்தம் போடாமல், "நீங்க மாத்திரையைத்தானே கேட்டீங்க" என்றாள். அன்று நான் சாப்பிடவில்லை.

உன்னிடம் ஒளித்தது ஒன்று இருக்கிறது. அவளும் உனக்கு எழுதவில்லை என்று நேற்றுத்தான் தெரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று விட்டிருக்கிறாள். செப்டம்பரில் இரண்டு வெள்ளிக்கிழமை, அவள் மாடிக்குப் போகாமல் இருக்க, வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நான் வேலைக்குப் போனேன். இரண்டாவது வெள்ளிக்கிழமைதான் வலிப்பு. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்திருக்கிறார். கதவு பூட்டியிருக்கிறது. நான் வந்து திறந்தபோது அவள் தரையில் கிடந்தாள், துணி கருகின வாசனை. யார் யாரையோ சந்தேகப்பட்டேன். தபால்காரரைக்கூட விடவில்லை. சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

புது மாத்திரை ஒத்துக்கொண்டது. இதுவரை ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. மருந்தின் அளவு பார்க்க அவள் ரத்தம் எங்கள் லேபுக்குத்தான் வந்தது. என் கையால் பார்க்க முடியவில்லை. வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றேன். அங்கே காத்திருப்பவர்கள் முகத்தை எல்லாம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

லீவுக்கு வா. சுண்ணாம்பெல்லாம் அடிக்கவில்லை, பொய் சொன்னேன்.

அண்ணன்


மே 27

அன்புள்ள அத்தைக்காரிக்கு,

தாயும் மகளும் நலம். நீ நலமா? பரீட்சை முடிந்ததா?

மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மூக்கு உன் மூக்கு, குரலும் உன் குரல். அண்ணிக்குப் பிரசவத்தின்போதும் பிறகும் ஒன்றும் வரவில்லை. டாக்டர் பக்கத்திலேயே இருந்தார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். இவள் தூங்கிக்கொண்டே இருக்கிறாள், திடீரென்று இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் போடுகிறாள். முதல் தடவை பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. தூக்கிக்கொண்டு நர்ஸிடம் ஓடினேன். "பச்சக் குழந்தைங்க அப்படித்தான் சார் துள்ளும்" என்றாள். குழந்தை டாக்டரிடம் ஓடினேன். அவரும் அதையே சொன்னார். அண்ணியைப் பார்க்க வந்த மாடி அம்மாவிடமும், வெட்கத்தை விட்டு, நானே போய்க் கேட்டேன். "டாக்டர் சொன்னா சரிதாம்ப்பா" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அண்ணியும் படுத்துக்கொண்டே சிரிக்கிறாள், "போய்த் தூங்குங்க" என்கிறாள். எனக்கு யார் மேலும் நம்பிக்கை வரவில்லை. தொட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். இதோ, இப்போதுகூடத் துள்ளினாள்.

உன் படிப்பில் இதற்கு ஏதாவது பாடம் இருந்தால் உடனே எழுது.

அண்ணன்